எங்கள் வீட்டுக் கண்டக்டர்!

என் மகள் கனத்துவிட்டாள் என்றுதான் நான் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கனத்தது அவளல்ல, நான்தான் என்கிற உண்மை 2023ஆம் வருஷத்து ஆடித்தபசு அன்று, சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில், ஊர் உலகமெல்லாம் கூடி நிற்க, பகிரங்கமாக நிரூபணமானது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் ஆடித்தபசு என்றால் தீபாவளிக்கு அண்ணன். கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவமிருந்து, சிவனும் பெருமாளும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நின்ற சங்கரநாராயணர் காட்சியைப் பெற்ற நாள். சாயந்திரம் அம்மன் தவமிருக்கும் இடத்துக்கு சுவாமி வந்து நிற்பார். 'இதோ... இதோ...' என்று கூட்டம் எக்கும். விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல் என்று சப்பரத்தை நோக்கி வீசுவார்கள். தலையில் பஞ்சு விழுந்தால் புண்ணியம். கண்ணில் வத்தல் விழுந்தால் அவரவர் பிராப்தம்!

அந்தக் கூட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சாமி தெரிய வேண்டுமானால் ஒரே வழிதான். அப்பா தோள்.

"அப்பா, தூக்குப்பா... ஒண்ணுமே தெரியல!"

தூக்கினேன். 21 கிலோ. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது நிமிஷம் மூச்சு மேலே ஏற, முட்டி கீழே இறங்க, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சாமி வருவதற்கு முன்பே எனக்குக் காட்சி தெரிய ஆரம்பித்துவிட்டது. "கொஞ்சம் இறங்கும்மா" என்று இறக்கிவிட்டேன். சொல்லி வைத்த மாதிரி அந்த நேரம் பார்த்துத்தான் கூட்டம் 'ஓ'வென்று கும்பிட்டது. ஊரே சங்கரநாராயணரைப் பார்க்க, என் மகள் மட்டும் என் இடுப்பு பெல்ட் பக்கிளைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டன. என் அப்பா. வயது 69, எடை 58.

"ஏட்டி, அழாத. ஏறு!"

பேத்தியைப் பூக்கூடை மாதிரித் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஒரு கையால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தானும் கும்பிட்டார். மூச்சு வாங்கவில்லை. வேட்டி கூட நெகிழவில்லை.

காட்சி முடிந்து இறக்கிவிட்ட பிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஏலே, ஏழு வயசுப் பிள்ளையத் தூக்க முடியல. இன்னும் பத்து வருஷம் போனா அவ உன்னத் தூக்கணுமோ?"

வத்தல் கண்ணில் விழுந்திருந்தால் கூட அவ்வளவு எரிந்திருக்காது.

* * *

நான் பி.காம். பகலில் நாலைந்து விசைத்தறி முதலாளிகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறேன். ராத்திரியில் இப்படி ஏதாவது கட்டுரை எழுதுகிறேன். இரண்டு தொழிலுக்கும் பொதுவான முதலீடு ஒன்றுதான்: நாற்காலி. காலை பத்து மணிக்கு அதில் உட்கார்ந்தால், கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இன்னொரு பேனாவை எடுப்பவன்.

தபசு முடிந்த வாரமே டாக்டரிடம் போனேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. 6.2. எடை 84. டாக்டர் ஒரு டேப்பை எடுத்து என் வயிற்றைச் சுற்றினார். முனையும் முனையும் சந்திக்க வெகு தூரம் பயணம் செய்தன.

"98 சென்டிமீட்டர். நம்ம ஊரு ஆம்பிளைக்கு 90க்குள்ள இருக்கணும் தம்பி. அப்பாவுக்கு சுகர் உண்டா?"

"இல்ல சார்."

"அம்மாவுக்கு?"

"இல்ல சார்."

"அப்ப இது நீங்களா சம்பாதிச்ச சொத்து!" என்றார்.

இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. ஹெச்.பி.ஏ.1.சி. 5.7லிருந்து 6.4 வரை இருந்தால் இந்த 'வாசல்' கோஷ்டி. 6.5ஐத் தொட்டால் உள்ளே வந்து பாயை விரித்துவிட்டது என்று அர்த்தம். அதே 2023 ஜூனில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி, வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி என்று கணக்குச் சொன்னது. அந்த 13.6 கோடியில் நானும் ஒரு உருப்படி.

டாக்டர் இன்னொரு கணக்கும் சொன்னார். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் என் மாதிரி வாசல்காரர்கள் 531 பேரைச் சேர்த்து மூன்று வருஷம் கவனித்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டைத் திருத்தி, தினமும் அரை மணியாவது நடக்கச் செய்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில்? ஏறக்குறைய 40. அதாவது, நடந்து போனவரும் மாத்திரையில் போனவரும் கிட்டத்தட்ட ஒரே ஸ்டாப்பில் இறங்கியிருக்கிறார்கள்! மாத்திரை யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எனக்கு, "ஆறு மாசம் நடங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

நடைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனாலும் நான் நேராக நடக்கவில்லை. ஜிம்முக்குப் போனேன். புத்தி!

* * *

ஒரு வருஷச் சந்தா 9,000 ரூபாய். 'மாதாமாதம் கட்டினால் நிறைய ஆகும் அண்ணே' என்று அங்கிருந்த தம்பி கணக்குப் போட்டுக் காட்டினார். பி.காம். படித்தவனுக்கே கணக்குப் போட்டுக் காட்டினார் பாருங்கள்! கட்டினேன்.

முதல் நாள், சுற்றிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான். இத்தனை பேராக நான் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் நாள் கை தூக்க முடியவில்லை. சட்டையை மனைவி போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் 'ரெஸ்ட்'. அப்புறம் மாதம் 20ஆம் தேதி வந்தது, ஜி.எஸ்.டி. தாக்கல் வந்தது, மழை வந்தது, மச்சினன் வந்தான். ஆக மொத்தம் 11 நாள் போனேன். ஒரு நாளைக்கு 818 ரூபாய் 18 பைசா. அந்தக் காசுக்குத் தினமும் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டிருக்கலாம்.

"சாப்பிட்டுதான இப்படி ஆச்சு" என்றாள் மனைவி.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஜிம் மேல் தப்பில்லை. ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டியவன் பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் ஐந்தரைக்கு எந்த அலாரம் எழுப்பும்?

பன்னிரண்டு மணி வரை என்ன செய்தேன் என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

* * *

எனக்குப் பெரிய கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு பழக்கம். கவுண்டமணி!

ராத்திரி சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து, போனைக் கையில் எடுத்தால் ஒரு காமெடி. அது முடிவதற்குள் அடுத்தது தானே வந்து நிற்கும். கவுண்டமணி - செந்தில் முடிந்து வடிவேலு, வடிவேலு முடிந்து விவேக், விவேக் முடிந்து மறுபடி கவுண்டமணி. நூறு தடவை பார்த்த காமெடிதான். அடுத்து எப்போது உதை விழும் என்று தெரியும். தெரிந்தும் சிரிப்பு வரும். பகல் முழுக்க ரசீதும் பில்லுமாகப் பார்த்த கண்ணுக்கு அதுதான் எண்ணெய்க் குளியல். 'உழைத்துக் களைத்தவனுக்கு இதுகூட வேண்டாமா?' என்று எனக்கு நானே சாங்ஷன் செய்துகொள்வேன்.

உழைத்துக் களைத்தது எது? விரலும் கண்ணும். ஓய்வெடுத்தது எது? மிச்ச உடம்பு. அது ஏற்கெனவே காலையிலிருந்து ஓய்வில்தான் இருந்தது! பகல் உட்கார்ந்த களைப்பை ராத்திரி சாய்ந்து தீர்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ஒரு நாள் என் மகள் பள்ளிக்கூடத்துக்கு 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரைந்தாள். தாத்தா கையில் ரேடியோ. அம்மா கையில் கரண்டி. ஆச்சி கையில் பூக்கூடை. அவள் கையில் பலூன். நான்? ஒரு நீள்சதுரம் வரைந்து, அதன்மேல் ஒரு மேடு வரைந்து, மேட்டுக்கு மேலே ஒரு சின்னச் சதுரம் வரைந்திருந்தாள்.

"இது என்னம்மா?"

"இது சோபா. இது உன் வயிறு. இது போன்."

"மூஞ்சி எங்க?"

"போன் மறைக்குதுல்லப்பா!"

மற்ற நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

* * *

அடுத்த முதலீடு, மணிக்கட்டில் கட்டும் அடி எண்ணும் கடிகாரம். தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்று அது என்னை விரட்டியது. முதல் நாள் ராத்திரி பார்த்தால் 1,900. அதில் பாதி, பிரிட்ஜுக்குப் போய் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் உறுத்துகிறது என்று கழற்றி வைத்தேன். அடுப்படியில் நேரம் பார்க்க மனைவி எடுத்துக் கட்டிக்கொண்டாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கையிலிருந்தபடியே அது சந்தோஷமாக அதிர்ந்தது. அடிகள் 10,000 தாண்டிவிட்டனவாம். வாழ்த்துக்களாம்! அன்று முழுக்க அவள் வாசல் கேட்டைத் தாண்டவே இல்லை.

எங்கே நடந்தாள்? அடுப்படி, முற்றம், மாடிக் கொடி, தண்ணீர்த் தொட்டி, மறுபடி அடுப்படி. "அம்மா, என் சாக்ஸ் எங்க?" "என்னடி, என் கண்ணாடி எங்க?" "எம்மா, என் மாத்திரை எங்க?" "ஏய், என் தைலம் எங்க?" நாலு பேர் கூப்பிட, ஒருத்தி நடந்திருக்கிறாள்.

"பாத்தியா, உனக்குத் தனியா எக்சர்சைஸே வேண்டாம்!" என்று நான் பெருமையாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஓஹோ, இதுக்குப் பேரு எக்சர்சைஸா? இவ்வளவு நாளா வேலைன்னுல்ல நினைச்சேன்! அப்ப ஒம்பதாயிரம் ரூபா கட்டாம நீங்களும் பண்ணலாமே? மாடியில துணி காயுது. போய் எடுங்க."

எடுத்தேன். பதினாறு படி. திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. அன்றைக்குத்தான் அந்தப் பதினாறு படியை ஒருத்தி தினமும் எத்தனை தடவை ஏறியிறங்குகிறாள் என்கிற கேள்வி எனக்கு வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து!

அந்தப் பத்தாயிரம் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.  1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965ல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்றது. அதற்கு வைத்த பேருக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள். வியாபாரப் பேர் வேதவாக்காகிவிட்டது. அப்புறம் 2019ல் அமெரிக்காவில் ஐ-மின் லீ என்கிற ஆராய்ச்சியாளர், சராசரி வயது 72 ஆன பதினாறாயிரத்துச் சொச்சம் பெண்களைக் கவனித்துச் சொன்னார்: தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் போனால் பெரிதாகக் கூடுதல் லாபமில்லை. ஆகவே பத்தாயிரத்தை எட்டவில்லையே என்று சோபாவில் படுத்துக்கொண்டு வருத்தப்படாதீர்கள். வருத்தப்படுகிற நேரத்துக்கு எழுந்து நில்லுங்கள்.

* * *

இப்போது அப்பா கதைக்கு வருகிறேன். அப்பா அரசு பஸ் கண்டக்டர். 2012ல் ரிட்டையர் ஆனார். சங்கரன்கோவில் - திருநெல்வேலி, சங்கரன்கோவில் - கோவில்பட்டி, சங்கரன்கோவில் - ராஜபாளையம் என்று ஓடிய பஸ்ஸுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக நடந்தவர். நான் சின்னப் பையனாக அவர் வண்டியில் போயிருக்கிறேன். முகூர்த்த நாளில் ஆளுக்கு ஆள் ஒட்டி நிற்கும் கூட்டத்தில் ஒரு நூல் மாதிரி நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருவார். தோள்பை, டிக்கெட் கட்டு, வாயில் விசில்.

லண்டனிலும் இப்படி ஒரு கண்டக்டர் கதை உண்டு. ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். ஏன் இத்தனை பேருக்கு மாரடைப்பு வருகிறது என்று யாருக்கும் தெரியாத காலம். அவர் லண்டன் மாடி பஸ்களைப் பார்த்தார். ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே புகை, ஒரே கம்பெனி. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். 1953ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. உடம்பை அசைப்பதற்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று ஆதாரத்தோடு முதலில் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

அதோடு விடவில்லை. டிரைவர், கண்டக்டர்களுக்குத் தைத்துக் கொடுத்த யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் பேன்ட் இடுப்புதான் பெரிது! 'சீட்டில் உட்கார்வதற்கு முன்பே அவர்கள் கொஞ்சம் குண்டாக இருந்திருக்கலாமே' என்ற நியாயமான கேள்வியும் அதிலிருந்தே கிளம்பியது. தையற்காரர் கணக்கில் கூட ஆராய்ச்சி இருக்கிறது பாருங்கள். மாரிஸ் பேச்சோடு நிற்காமல் தானும் கடைசிவரை நடந்தார், நீந்தினார். 2009ல் இறந்தபோது அவருக்கு வயது 99.

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"இதுக்கு லண்டன்ல எதுக்குல ஆராய்ச்சி? எங்க டெப்போவுக்கு வந்து டிரைவருமாரு வயித்தப் பாத்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேம்லா!"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பினேன். மனைவி ஒரு கையில் குடத்தோடு முற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் வீடும் ஒரு பஸ்தான். ஒரே சாப்பாடு, ஒரே காற்று, ஒரே கூரை. நான் டிரைவர். அவள் கண்டக்டர். இதில் நான் வண்டியை ஓட்டுகிறேன் என்றாவது உண்டா? அதுவும் கிடையாது. சும்மா சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்!

கண்டக்டர் வேலை பார்ப்பதால் அவள் உடம்பு இரும்பாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன் கண்டக்டருக்கு ஷிப்ட் முடிந்தால் வீடு உண்டு. வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. இவளுக்கு ராத்திரி பத்தரை மணிக்கும் ஷிப்ட் முடியவில்லை. முட்டிவலித் தைலம் அம்மாவுக்கு மட்டுமல்ல, இவளுக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறேன் என்பது பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் நடக்காமல் கெட்டேன். அவள் உட்காராமல் கெட்டுக்கொண்டிருந்தாள்.

* * *

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சின்ன டிரான்ஸ்பர் உத்தரவு அமலுக்கு வந்தது.

காலையில் தண்ணீர் பிடிப்பது நான். மாடிக்குத் துணி போவதும் வருவதும் என் தோளில். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு பைக்கில் கொண்டுபோய் விடுவதற்குப் பதில் நடந்தே கூட்டிப்போவது. தறிச்சத்தம் கேட்கும் தெரு வழியாகப் போவோம். "அப்பா, தறி என்ன சொல்லுது?" என்பாள். "சோம்பேறி, சோம்பேறின்னு சொல்லுது" என்பேன். "யார?" என்பாள். இந்தக் கேள்விக்கு பைக்கில் போனபோது நேரமே இருந்ததில்லை.

இதெல்லாம் உடற்பயிற்சிக் கணக்கில் சேருமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு. தொடர்ந்து பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். சில்லறையாகச் சேர்த்தாலும் செல்லும். உண்டியல் மாதிரி!

சரி, கவுண்டமணி? அவரை எப்படி விடுவது? விடவில்லை. இடத்தைத்தான் மாற்றினேன். சோபாவில் கவுண்டமணி கிடையாது. ராத்திரி சாப்பிட்டதும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ரத வீதிகளைச் சுற்றி அரை மணி நடை. அப்போது மட்டும்தான் கவுண்டமணி. காட்சி வேண்டாம், குரல் போதும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் சினிமா வசனம் கேட்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளை நான். அவர் எந்த முகபாவத்தில் திட்டுகிறார் என்பது காதுக்கே தெரியும்.

அமெரிக்காவில் கேட்டி மில்க்மேன் என்கிற பேராசிரியை இதையே சோதித்து 2014ல் எழுதியிருக்கிறார். விறுவிறுப்பான கதைகளின் ஒலிப்பதிவை ஜிம்மில் மட்டும்தான் கேட்கலாம் என்று வைத்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தார்கள். அப்புறம் ஒரு பண்டிகை லீவு வந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பண்டிகை என்றால் அமெரிக்காவும் சங்கரன்கோவிலும் ஒன்றுதான்! நானும் தீபாவளிக்கு விட்டதைக் கார்த்திகையில்தான் திரும்பப் பிடித்தேன்.

இந்த நடையில் ஒரு சங்கடம் உண்டு. காதில் ஒயர் இருப்பது இருட்டில் தெரியாது. ஒருத்தன் தனியாக நடக்கிறான். திடீரென்று 'ஹஹ்ஹஹ்ஹா' என்று சிரிக்கிறான். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி நாலு நாள் என்னைப் பார்த்தார். ஐந்தாம் நாள் கூப்பிட்டார்.

"எய்யா, இங்க வா."

போனேன். சுருக்குப்பையிலிருந்து கோயில் புற்றுமண்ணை எடுத்து என் நெற்றியில் நன்றாக அப்பினார்.

"கோமதி அம்மா, இந்தப் பிள்ளைக்குப் புத்தியத் தெளிய வையி. பொண்டாட்டி பிள்ளைக்காரனா இருக்கான்..."

எங்கள் ஊர்ப் புற்றுமண் சகல ரோகத்துக்கும் மருந்து என்பது நம்பிக்கை. கவுண்டமணிக்கு மட்டும் அதில் மருந்தில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் கவனித்தேன். பத்து மணிக்கு அவள் உட்கார்ந்திருந்தாள்! காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, மகளின் தலையை மடியில் வைத்து. அந்த நேரத்தில் அவளை அப்படிப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!

* * *

முழு வெற்றி என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். வருஷ முடிவுக் கணக்கு இது. எடை 84லிருந்து 77. சர்க்கரை 118லிருந்து 104. ஹெச்.பி.ஏ.1.சி. 6.2லிருந்து 5.8. டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் வாசல்லதான் நிக்குது. ஆனா, திரும்பிச் செருப்ப மாட்டுது" என்றார். நடுவில் ஒரு பிரியாணி வாரம், ஒரு ஆடிட் வாரம், கால் சுளுக்கிய ஒரு வாரம் எல்லாம் உண்டு. வியாபாரத்தில் நஷ்டக் கணக்கை மறைத்தால் நாளைக்கு மாட்டிக்கொள்வோம். உடம்பிலும் அப்படித்தான்.

2024 ஆடித்தபசு வந்தது. கொடியேறியதும் ஊரே ஆடிச்சுற்று சுற்ற ஆரம்பித்தது. கோயில் பிராகாரத்தை 101 சுற்று, 501 சுற்று என்று வேண்டிக்கொண்டு சுற்றுவார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் அம்மனின் கால்வலியை நாம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். அந்த வருஷம்தான் அது வேறு மாதிரி காதில் விழுந்தது. ஒருத்தி ரொம்ப நேரமாகக் காலில் நிற்கிறாள். மற்றவர்கள் நடந்து அவள் வலியை வாங்கிக்கொள்ளலாம். இதைச் செய்ய கோயிலுக்குத்தான் போக வேண்டுமா என்ன?

அப்பாவோடு நானும் சுற்றினேன். முதல் சுற்றில் எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு கணக்கு வந்தது. பி.காம். படிப்பு மேல் சந்தேகம் வந்ததால் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பாதியில் அப்பா தூணோரம் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய் முடிச்சிட்டு வாலே. இந்த வருஷம் முட்டு கொஞ்சம் ஒத்துழைக்க மாட்டேங்கு."

அவரை நான் அதற்கு முன் அப்படி நடுவில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

தபசு அன்று சாயந்திரம் அதே தெற்கு ரத வீதி. அதே கூட்டம். மகளுக்கு எட்டு வயது, 24 கிலோ. வருஷத்தில் மூன்று கிலோ அவள் ஏறியிருந்தாள். ஏழு கிலோ நான் இறங்கியிருந்தேன். தூக்கித் தோளில் வைத்தேன். ஒரு நிமிஷம்... மூன்று நிமிஷம்... பத்து நிமிஷம்... தோள் வலித்தது. மூச்சும் வாங்கியது. ஆனால், நின்றேன்.

அப்பா என் பக்கத்தில் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற இளவட்டங்களின் தலை மறைத்தது. முட்டு எக்க விடவில்லை.

"சாமி வந்துட்டாரா? எனக்குத் தெரியலயே..."

மேலேயிருந்து பதில் வந்தது.

"இருங்க தாத்தா, நான் சொல்றேன். வந்துக்கிட்டே இருக்காரு... இப்ப திரும்பிட்டாரு... ஒரு பக்கம் சிவன், ஒரு பக்கம் பெருமாள்... தாத்தா, கும்பிடுங்க, கும்பிடுங்க, இப்பத்தான்!"

அப்பா கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். எங்கிருந்தோ பறந்து வந்த பருத்திப் பஞ்சு அவர் தலையில் உட்கார்ந்தது. வத்தல் ஒன்று என் மூக்கில் விழுந்தது. பிராப்தம்!

கூட்டம் கலையும்போது அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னலே, மூச்சு வாங்குதோ?"

"கொஞ்சம்."

"வாங்கட்டும். இறக்கிராத" என்றார். அப்புறம் நாக்கை மடித்து, ரிட்டையர் ஆன நாளிலிருந்து நாங்கள் கேட்காத அந்த விசிலை ஒரு தடவை அடித்தார்.

"போலாம்... ரைட்!"